வினாடிகள் கூடினால் விசனம் எதற்கு?

ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், மூணாறு, தேவிகுளம் வட்டாரத்திலுள்ள நம் குடும்பங்கள் பல, பூப்பாறை, போடிமெட்டு வழியாக மலையிறங்கித் தேனியிலும் மதுரையிலும் உள்ள உறவினர் இல்லங்களுக்குச் செல்வது வழக்கம். தோட்டத்து லயங்களில் நீச்சற்குளம் ஏது? ஆகவே, மாமன் வீட்டிலோ பெரியம்மாள் வீட்டிலோ தங்கிக் கோடை நீச்சல் முகாமில் சேர்ந்து பயில்கின்றனர் நம் பிள்ளைகள். முகாமின் முடிவில் போட்டி. போட்டியின் முடிவில் கடிகாரம். சென்ற கோடையில் 50 மீட்டர் தூரத்தை 41 வினாடிகளில் கடந்த சிறுமி இக்கோடையில் 43 வினாடிகள் எடுத்துக்கொண்டாள் என்றால், அவள் முகம் வாடுகிறது. பெற்றோர் முகமோ அதனினும் வாடுகிறது. “இவ்வளவு பணம் கட்டியும் பயனில்லையே” என்ற ஒரு சொல் வாய்தவறி வந்துவிட்டால் போதும். அடுத்த கோடையில் அப்பிள்ளை குளத்தின் பக்கமே தலைவைக்காது. மாட்டுப்பட்டி, குண்டளை ஆகிய நீர்த்தேக்கங்களின் அருகே வாழும் நமக்கு, நீந்தத் தெரிந்த பிள்ளை நீச்சலை வெறுத்து ஒதுங்குவது சிறிய இழப்பன்று.

இதனை எழுதும் யான் நீச்சற் பயிற்சியாளன் அல்லேன். ரயில்வேயில் ஓர் எழுத்தன். (மூணாற்றுக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்துகொண்டிருந்தது, 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் பாதையை வாரிக்கொண்டு போயிற்று என்பதை நம் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.) ஆயினும், நேரக் கணக்கு என்பது எங்கள் துறையின் உயிர்நாடி. கொங்கண் பாதையில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்திற்கென்று தனிக் கால அட்டவணை உண்டு. அம்மாதங்களில் வண்டிகள் வேகம் குறைத்தே ஓட்டப்படும். பயணத்துக்குக் கூடுதல் நேரம் ஆகும். அதுகண்டு இயந்திரம் பழுதாயிற்று என்று யாரும் சொல்வதில்லை. பாதை வேறு, பருவம் வேறு, ஆகவே நேரமும் வேறு. ரயில்வண்டிக்கு நாம் காட்டும் இந்த நியாயத்தை நம் பிள்ளைக்குக் காட்டலாகாதா?

முதலில் குளத்தின் நீளத்தைப் பாருங்கள். பயிற்சிக் குளங்கள் பல 25 மீட்டர் நீளமே உள்ளவை. பெரிய போட்டிகள் நிகழும் குளங்களோ 50 மீட்டர். 100 மீட்டர் நீந்துகையில் சிறிய குளத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும்; பெரிய குளத்தில் ஒரே ஒரு முறை. திரும்பும்போது சுவரைக் காலால் உந்திப் பாய்கிற வேகம், கையும் காலும் அடித்து நீந்துகிற வேகத்தினும் மிகுதி. ஆதலால் சிறு குளத்தில் நேரம் குறையும். ஆஸ்திரேலிய வீரர் கைல் சால்மர்ஸ் 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், 50 மீட்டர் குளத்தில், 100 மீட்டர் தூரத்தை 47.08 வினாடிகளில் நீந்தி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் 25 மீட்டர் குளத்தில் அதே தூரத்தை 44.84 வினாடிகளில் நீந்தி உலக சாதனை படைத்தார். மூன்று மாதத்தில் 2.24 வினாடி அளவுக்கு மனிதர் மாறிவிட்டாரா? மாறியது குளம்.

கடிகாரத்தையும் சற்று ஐயுற வேண்டும். கையால் அழுத்தும் கடிகாரத்தில் நேரம் சற்றுக் குறைவாகவே பதியும். குறிகேட்டு அழுத்துவதற்குள் ஒரு நொடிப்பின்னம் கழிந்துவிடுகிறது. முடிவில் பிள்ளை சுவரைத் தொடப்போவதை முன்கூட்டியே கண்டு விரல் தயாராயிருக்கிறது. அடுத்த ஆண்டு மின்கருவி பொருத்திய குளத்தில் நீந்தினால், பிள்ளை பிந்தியதுபோல் தோன்றும்.

இனி, இடம். 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி, கடல்மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் நடந்தது. அமெரிக்க வீரர் மைக் பர்ட்டன், அவ்வாண்டு செப்டம்பரில் கடலோர நகரம் ஒன்றில் 1,500 மீட்டரை 16 நிமிடம் 8.5 வினாடிகளில் நீந்தி உலக சாதனை செய்திருந்தார். அடுத்த மாதம் மெக்சிகோவில் அவருக்கு ஆன நேரம் 16 நிமிடம் 38.9 வினாடிகள். அரை நிமிடம் பிந்தியும் தங்கப் பதக்கம் அவருக்கே! காற்று மெலிந்த உயரத்தில் நெடுந்தூரம் நீந்துவோர் அனைவரும் பிந்துவர். மூணாற்றிலிருந்து கீழே செல்லும் நம் பிள்ளைக்குத் தடை வேறுவகை. போட்டிக் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது விதி. மே மாதத்து மதுரை வெயிலில் திறந்த குளத்து நீர் அந்த விதியை அறியுமா? குளிரில் வளர்ந்த உடல் வெதுவெதுப்பான நீரில் தன் சூட்டை வெளியேற்ற வழியின்றி விரைவில் களைத்துப்போகும்.

இவை யாவினும் பெரிய காரணம் பிள்ளையின் வளர்ச்சியே. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் 11, 12 வயதிலும், ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலும் திடீரென்று வளர்கின்றனர். கையும் காலும் முதலில் நீள்கின்றன. அவற்றை ஆளும் வலிமை பின்னரே வந்து சேர்கிறது. பழகிய வீச்சு புதிய கைக்குப் பொருந்துவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு இடுப்பும் எடையும் மாறுவதால் நீரில் உடல் மிதக்கும் நிலையே மாறுகிறது. எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பரின் மகள் ஓராண்டில் நான்கு விரற்கடை வளர்ந்தாள். அக்கோடையில் அவளுடைய நேரமும் கூடிற்று. “சோம்பல் வந்துவிட்டது, அண்ணே” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார் நண்பர். பழைய பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவருடைய மனைவியார் கவனித்திருந்தார்.

பிந்துவதும் முந்துவதும் எப்படி மாறிமாறி வரும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. சஜன் பிரகாஷ் 1993இல் இடுக்கியில் பிறந்தவர். ஓட்ட வீராங்கனையான அவருடைய அன்னையார் சாந்திமோள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றியதால், அவர் நீச்சல் கற்றது நெய்வேலியில். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். அவர் இங்கிருந்து அங்குச் சென்றார். 2015ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆறு தங்கமும் மூன்று வெள்ளியும் வென்றார். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில் 1 நிமிடம் 57.75 வினாடிகளில் நீந்தி ஐந்தாவதாக வந்தார். அதன்பின் வந்தது சோதனை. கழுத்தெலும்பின் இடைத்தட்டு பிசகி, கையைத் தூக்குவதே அரிதாயிற்று. நோய்த்தொற்றுக் காலமோ குளங்களையும் மூடிவிட்டது. துபாயில் தம் பயிற்சியாளர் பிரதீப் குமாரிடம் சேர்ந்து, மீண்டும் அடியிலிருந்து தொடங்கினார்.

ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி பெற வேண்டிய நேரம் 1 நிமிடம் 56.48 வினாடிகள். 2021 ஜூனில் பெல்கிரேடில் அவர் எடுத்தது 1 நிமிடம் 56.96. அரை வினாடிக்கும் குறைவான தூரத்தில் கதவு மூடியது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 26 அன்று ரோமில் 1 நிமிடம் 56.38. அந்த நேரடித் தகுதியைப் பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே. அடுத்த மாதம் டோக்கியோவில் என்ன ஆயிற்று? 1 நிமிடம் 57.22, ரோமைக் காட்டிலும் 0.84 வினாடி பின்னடைவு, 24ஆம் இடம். ஒரே மாதத்துக்குள் அவர் ஆற்றல் இழந்துவிட்டார் என்று யாரேனும் சொல்வரோ?

எனினும் ஓர் எச்சரிக்கை. எல்லாப் பின்னடைவையும் வளர்ச்சி என்று சொல்லி வாளாவிருத்தல் கூடாது. தோள் வலி, கழுத்து வலி, உறக்கமின்மை, ஓயாத அயர்ச்சி, பெண்பிள்ளைகளிடம் முகம் வெளிறுதல் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுவதே முறை. இரத்தச் சோகைக்குக் கண்டிப்பு மருந்தாகாது.

போட்டி முடிந்த அன்று பிள்ளையிடம் நேரத்தைப் பற்றிப் பேசாதிருப்பது நன்று. மதுரையிலிருந்து மூணாறு வரை பேருந்துப் பயணம் நீண்டது. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றலே போதுமானது. கண்டனமும் கூட எதற்கு? முதலில் வயிறாரச் சோறு. பிள்ளை தானே வாய்திறந்தால் கேளுங்கள். “ஏன் பிந்தினாய்?” என்று கேட்பதைவிட, “ஒரு நீளத்துக்கு எத்தனை முறை கை வீசினாய்? திரும்பும்போது கால் சுவரில் நன்றாகப் பதிந்ததா?” என்று கேட்டால், பிள்ளைக்கு விடை சொல்ல ஏதேனும் இருக்கும். அண்டை வீட்டுப் பிள்ளையின் நேரத்தை மட்டும் எடுக்கவே வேண்டாம்.

எழுத்தன் என்ற முறையில் ஒரு யோசனை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பிள்ளையின் கையாலேயே கட்டங்கள் போடச் சொல்லுங்கள்: நாள், ஊர், குளத்தின் நீளம், கடிகாரம் கையா மின்கருவியா, நீரின் சூடு, நேரம், கை வீச்சுகளின் எண்ணிக்கை. ஒத்த வரியை ஒத்த வரியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். கடைசிக் கட்டம் உயரத்துக்கு. அதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. வீட்டு நிலைக்கதவில், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் ஒரு கரிக்கோடு, மறு ஏப்ரலில் மலையிறங்கும் முன் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள விரற்கடைகளைப் பிள்ளையே எண்ணி எழுதட்டும்.