மலையேறினால் குறைத்துக் காட்டும் மீட்டர்

பாலக்காட்டில் சரியாகக் காட்டிய கார்பன் டை ஆக்சைடு மீட்டரை அப்படியே மூணாறுக்குக் கொண்டுபோனால் குறைத்துக் காட்டும். பாலக்காடு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லை. மூணாறு ஏறக்குறைய 1500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. மீட்டருக்குள் பாயும் அகச்சிவப்பு ஒளியை மறிக்கும் மூலக்கூறுகளும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகின்றன. அதனால் வகுப்பறையில் 1200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) இருக்கும்போது திரையில் 1000 தெரியும். ஜன்னலைத் திறந்தாக வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் அடைத்த காற்றையே சுவாசித்துக்கொண்டிருப்பார்கள்.

சோதிப்பது எளிது. இன்று உலகின் வெளிக்காற்றில் சுமார் 425 பிபிஎம் இருக்கிறது. திறந்தவெளியில் உங்கள் மீட்டர் 360 காட்டினால் நம்பாதீர்கள். அது 1995 வாக்கில் இருந்த அளவு. மீட்டரின் அமைப்பில் ஊரின் உயரத்தைப் பதியுங்கள். பிறகு மதிய வேளையில், ஆட்கள், வண்டிகள், அடுப்புப் புகை எதுவும் அருகில் இல்லாத இடத்தில் இருபது நிமிடம் வைத்துக் காலிபிரேட் செய்யுங்கள். விடியற்காலை வேண்டாம். இரவெல்லாம் செடிகளும் மண்ணும் விட்ட கார்பன் டை ஆக்சைடு தேயிலைப் பள்ளத்தாக்குகளில் அப்போது தேங்கிக் கிடக்கும். மீட்டர்மேல் மூச்சும் படக்கூடாது. நாம் வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 40,000 பிபிஎம் அளவுக்கு உண்டு.

பல மீட்டர்கள் தாங்களே திருத்திக்கொள்ளும். சில நாட்களில் பதிவான மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். இரவும் பகலும் ஆள் இருக்கும், குளிருக்கு ஜன்னல் திறக்காத ஹாஸ்டல் அறையில் இது ஆபத்து: கெட்ட காற்றே நல்ல காற்றுக்கு அளவுகோலாகிவிடும்.

மலிவான சில மீட்டர்கள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை வைத்து ஊகித்து ஓர் எண்ணைப் போடுகின்றன. சானிடைசரை அருகில் கொண்டுபோனதும் எண் தாறுமாறாக ஏறினால் சந்தேகப்படுங்கள். இப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை.

இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டும். இந்த மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டுபவர்களையும், விறகெரியும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் படுப்பவர்களையும் கொல்வது அந்த வாயுதான். மீட்டர் இருக்கிறதே என்று கங்குடன் கதவை அடைத்துவிடாதீர்கள்.

2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகளின் பன்னிரண்டு மாசுகளில் கார்பன் டை ஆக்சைடு இல்லை. வகுப்பறைக்குப் பலரும் சொல்லும் 1000 பிபிஎம் காற்றோட்டத்துக்கான எச்சரிக்கை மட்டுமே, சட்ட வரம்பு அல்ல. தொழிற்சாலை விஷயம் வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேரச் சராசரிக்கு 5000 பிபிஎம் என்று வரம்பு வைத்தது. தங்கள் உடல்நலம், பாதுகாப்பு குறித்த தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறும் உரிமையை 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் தொழிலாளர்களுக்குத் தருகிறது. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு ஆலைகளில் வேலை செய்பவர்கள் இதைப் பயன்படுத்த வேண்டும்.

கேரளத்தின் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தமிழர்கள் மலையாளம் எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். குறைதீர்க்கும் மனுவைத் தமிழிலேயே கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு இடமளிக்கிறது. உங்கள் பிள்ளையின் அரசுப் பள்ளியில் மீட்டர் இருந்தால் அதன் மாடல், கடைசியாகக் காலிபிரேட் செய்த தேதி, அதில் பதிந்திருக்கும் உயரம் ஆகிய மூன்றையும் மனுவில் கேளுங்கள்.