மேகத்துக்குள் காது பொய் சொல்லும்

பல்லடத்திலிருந்து கோவைக்குப் போகும் வழியில் சூலூர் விமானப்படைத் தளம் வரும். 2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48-க்கு அங்கிருந்து கிளம்பிய எம்ஐ-17 ஹெலிகாப்டர் 12.15-க்கு மலைமேல் உள்ள வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட, அதில் சென்ற 14 பேரும் பிழைக்கவில்லை. இயந்திரக் கோளாறும் இல்லை, சதியும் இல்லை; பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்ததும் விமானியின் திசையுணர்வு குழம்பிவிட்டது என்றது விசாரணைக் குழு.

அனுபவசாலிக்கே இப்படி நேருமா? நேரும். காரணம் காதில் இருக்கிறது. உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. டம்ளர் தண்ணீரைச் சுழற்றிப் பாருங்கள்: முதலில் டம்ளர் மட்டும் சுற்றும், பிறகு தண்ணீரும் சேர்ந்துகொள்ளும், டம்ளரை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்காது. ஹெலிகாப்டர் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் பத்திருபது விநாடிகளில் திரும்புகிற உணர்வே போய்விடும். நேராக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். அடிவானம் தெரிந்தால் கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் ஏது அடிவானம்?

1954-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி சிறு விமானத்தை ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். ஹெலிகாப்டரோ விமானத்தைவிடத் தள்ளாட்டம் மிகுந்தது.

கருவிப் பயிற்சியில் வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டுவார்கள். செயற்கை அடிவானம், உயரமானி, வேகமானி, திசைகாட்டி என்று பார்வை ஓயாமல் சுற்றிவர வேண்டும். உடம்பு என்ன சொன்னாலும் முள் சொல்வதையே நம்ப வேண்டும். எதிர்பாராமல் மேகத்தில் சிக்கினால் முதலில் சாய்வை நேராக்கு, திசையைப் பிடி, விசையைக் கூட்டி மேலேறு, ரேடியோ அப்புறம். கீழே இறங்கித் தரையைத் தேடும் ஆசைதான் மலைநாட்டில் ஆபத்து.

2020 ஜனவரியில் கலிபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டை ஏற்றிச் சென்று விபத்துக்குள்ளான விமானியும் கருவி உரிமம் பெற்றவர்தான். ஆனால் அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்குக் கண்பார்வையை நம்பிப் பறக்க மட்டுமே அனுமதி. உரிமம் இருக்கிறதா என்பதைவிட, கடைசியாக எப்போது பழகினார் என்று கேட்பதே சரி என்பேன்.

ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் அவசரமும் சேர்ந்துகொள்கிறது. ரிஷிகேஷ் எய்ம்ஸ் 2024 அக்டோபரில் இந்தச் சேவையைத் தொடங்கியது. அமெரிக்காவில் 2017 முதல் இதற்குத் தலைமை விமானி கருவி உரிமம் பெற்றிருப்பது கட்டாயம். அங்கே பல சேவைகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: படுத்திருப்பது குழந்தையா முதியவரா, உயிருக்கு ஆபத்தா என்று விமானிக்குச் சொல்வதில்லை. வானிலையை மட்டும் பார்த்து, போகலாமா கூடாதா என்று அவர் முடிவு செய்கிறார்.