கார்பன் உச்சம்: ஜொகூரில் எப்படிக் கணிப்பது?

ஒரு வட்டாரத்தின் கார்பன் வெளியேற்றம் நான்கு எண்களின் பெருக்கல்: மக்கள்தொகை, ஒருவருக்கான உற்பத்தி, ஒரு ரிங்கிட் உற்பத்திக்கான ஆற்றல், அந்த ஆற்றல் கக்கும் கார்பன். முதல் இரண்டும் ஏறும். மற்ற இரண்டும் சேர்ந்து அதைவிட வேகமாக இறங்கத் தொடங்கும் ஆண்டே உச்சம்.

ஜொகூரின் தென்பகுதியான இஸ்கந்தர் மலேசியா வட்டாரத்துக்காக 2012இல் வெளியான குறைகார்பன் திட்டத்தை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் இணைந்து வகுத்தார்கள். 2005உடன் ஒப்பிட, 2025க்குள் கார்பன் செறிவை, அதாவது உற்பத்தி அலகுக்கான கார்பனை, 58% குறைப்பது அதன் இலக்காக இருந்தது. அது மட்டும் போதுமா? பொருளாதாரம் மூன்று மடங்கானால், செறிவு 58% குறைந்தாலும் மொத்தம் 1.26 மடங்காகும்.

இன்று ஜொகூரில் தரவு மையங்கள் பெருகுகின்றன. தஞ்சோங் பின் மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. மின்தேவை வளரும் வேகத்தைவிட மின்சாரம் தூய்மையாகும் வேகம் கூடினால்தான் உச்சம் வரும். ஆகவே கணிப்பு என்பது ஆரூடம் அல்ல. இன்றைய முடிவுகளின் விளைவு.