கனலும் தாளும் நகரும் வரிசையும்

பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்திய தாள் சுடர்விட்டு எரியாது. பற்றவைத்த ஓரத்திலிருந்து கனன்றபடி கருகிக்கொண்டே போகும். அந்தக் கனல்கோடு முதலில் நேராக இருக்கும், நகர நகர நெளியும். பின்லாந்தின் யுவாஸ்கூலா நகர இயற்பியலாளர்கள் 1990-களில் இந்த நெளிவைப் படம்பிடித்து அளந்தார்கள். கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் தன்பாட்டில் முன்னேறினால், 8 மடங்கு நேரத்தில் நெளிவு ஏறக்குறைய 2.8 மடங்காகும். கார்தார், பாரிசி, ஜாங் மூவரும் இப்படி நகரும் விளிம்புகளுக்காக 1986-இல் எழுதிய சமன்பாடோ 2 மடங்குதான் என்கிறது. போதிய நேரம் விட்டு அளந்தபோது கனல்கோடு இவர்கள் பக்கமே சாய்ந்தது.

நெருப்போடு ஒட்டும் உறவும் இல்லாத இடத்திலும் இதே கணக்கு வருகிறது. ஆர்.என்.ஏ. இழைமேல் ரைபோசோம்கள் ஊர்வதை விளக்க 1968-இல் வந்த மாதிரி ஒன்று உண்டு: ஒரு வரிசைக் கட்டங்கள், அவற்றில் சில துகள்கள்; முன்கட்டம் காலியானால் மட்டுமே துகள் வலப்பக்கம் தாவலாம். துகளுக்கு ஒரு படி கீழே, காலிக் கட்டத்துக்கு ஒரு படி மேலே என்று கோடு வரைந்து பாருங்கள், வரிசை மலைத்தொடராகிவிடும். துகள் தாவும்போது கீழ்-மேல் என்றிருந்த பள்ளம் மேல்-கீழ் என்று முகடாகிறது. ஒவ்வொரு தாவலும் மலையில் வைத்த ஒரு செங்கல்.

இது வெறும் உவமைதானே என்று கேட்கலாம். இல்லை, காரணம் சரிவில் இருக்கிறது. கனல் தன் விளிம்புக்குச் செங்குத்தாக நகர்வதால், சாய்ந்த பகுதி முன்திசையில் வேகமாகப் போகும். வரிசையில் பாதி நிரம்பியபோதுதான் ஓட்டம் உச்சம். கூடினாலும் குறைந்தாலும், அதாவது கோடு சாய்ந்தால், வேகம் தளரும். அங்கே கூடுகிறது, இங்கே குறைகிறது. இரண்டிலும் மாற்றம் சரிவின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோட்டைத் தலைகீழாகப் பார்த்தால் அந்தக் கூட்டல் கழித்தல் வேறுபாடும் போய்விடும்.

தாளில் ஊறும் நீரின் விளிம்பு இதற்குள் அடங்கவில்லையே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. உண்மைதான். நீர் நார்களில் சிக்கி நிற்கிறது. உந்துவிசை ஒரு வரம்புக்குக் கீழிறங்கினால் விளிம்பு அடியோடு நின்றுபோகும், அந்த வரம்பையொட்டிய நெளிவுக்குக் கணக்கே வேறு. விதிவிலக்கு ஏன் விலகுகிறது என்று சொல்ல முடிவதால் விதி எனக்குப் பலவீனமாகத் தெரியவில்லை. ஜப்பானில் டாகேயுச்சியும் சானோவும் 2010-இல் கொந்தளிக்கும் திரவப் படிகத்தில் லேசர் துடிப்பால் ஒரு புள்ளியைக் கிளப்பி, வட்டமாகப் பரவும் விளிம்பை அளந்தபோது மடங்குக் கணக்கு பொருந்தியதோடு, ஏற்ற இறக்கங்களின் பரவலும் ட்ரேசி-விடம் எனப்படும் வளைவில் உட்கார்ந்தது. துகள் வரிசைக்கு யோஹான்சன் 2000-த்திலேயே கணித வழியில் கண்ட வளைவு அது. நேர்கோட்டிலிருந்து தொடங்கினாலும் 8-க்கு 2 என்பது மாறுவதில்லை, பரவலின் வடிவம் மட்டும் மாறுகிறது. எவ்வளவு நேரம் ஓடினாலும் தொடங்கிய உருவத்தின் தடம் அதில் அழிவதில்லை.