கதையை ரசிகர்களின் ஓட்டுக்கு விடலாமா?

ஒரு டி.வி. தொடரையோ கம்ப்யூட்டர் கேமையோ பல வருடங்கள் விடாமல் தொடர்ந்தவருக்கு அதில் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. "இவன் இப்படிப் பேசமாட்டானே!" என்று கதையை எழுதியவரையே திருத்த ஆரம்பித்துவிடுவார். அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் இந்தக் குணம் கொஞ்சம் தூக்கல். எந்த விண்கலம் எந்த வேகத்தில் போகும், எந்தக் கிரகவாசிக்கு எத்தனை இதயம் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம்.

நீங்கள் இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் எடுத்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் பிடித்த தொடரின் பெயரைத் தேடிப் பாருங்கள். கதைச் சுருக்கம், படங்கள் ஆகியவற்றோடு ஏதாவது ஒரு கையெழுத்து இயக்கமும் கண்ணில் படும். "இந்த முடிவை மாற்று", "இறந்தவரைத் திரும்பக் கொண்டு வா" என்று. ஒரு கிளிக்கில் கையெழுத்துப் போட்டுவிடலாம். போடுவதற்கு முன் பழைய கதைகள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் எழுதி அனுப்பினால் வாங்கிப் படிக்கவும் வேண்டும். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஓட்டுக்கு விடக்கூடாது.

கடிதங்கள் காப்பாற்றிய தொடர்

ரசிகர் சக்தி என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஸ்டார் ட்ரெக். 1966இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தத் தொடர், இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப்படலாம் என்ற பேச்சு எழுந்தது. ஜான் ட்ரிம்பிள், பீஜோ ட்ரிம்பிள் தம்பதியர் முன்னின்று கடிதம் எழுதும் இயக்கம் நடத்தினார்கள். கம்ப்யூட்டரும் இல்லை, மெயிலும் இல்லை. எல்லாம் தபால்தான். கடைசியில் 1968 மார்ச் 1ஆம் தேதி ஒளிபரப்பின் முடிவில், தொடர் மீண்டும் வரும் என்று என்.பி.சி. அறிவித்தது.

வெற்றிதான். ஆனால் மூன்றாம் ஆண்டில் வந்தது என்ன? பட்ஜெட் குறைந்தது. இளைஞர்கள் வீட்டில் தங்காத வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடர் தள்ளப்பட்டது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார். ஸ்பாக்கின் மூளையை யாரோ திருடிப் போகும் கதையோடு அந்த ஆண்டு ஆரம்பித்தது. ரசிகர்களே இன்றுவரை அதைக் கேலி செய்கிறார்கள். 79 பகுதிகளோடு 1969இல் தொடர் முடிந்தது.

ஆக, ரசிகர்களால் ஒரு தொடரை உயிரோடு வைத்திருக்க முடிந்தது. அதை நல்ல தொடராக வைத்திருப்பது அவர்கள் கையில் இல்லை. அது எழுதுகிறவரின் வேலை.

எழுத்தாளர் ஆன்லைனில் இருந்தால்?

அடுத்த கதை கம்ப்யூட்டர்காரர்களுக்கென்றே அமைந்தது. 1990களில் வந்த பாபிலோன் 5. இதன் விண்வெளிக் காட்சிகள் ஆரம்பத்தில் அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களில், வீடியோ டோஸ்டர் என்ற கார்டையும் லைட்வேவ் என்ற சாஃப்ட்வேரையும் வைத்துச் செய்யப்பட்டன. பொம்மைக் கப்பல்களைத் தொங்கவிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல்.

அதைவிடப் பெரிய துணிச்சல் ஒன்றும் இருந்தது. தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்பிருந்தே யூஸ்நெட், ஜீனி, கம்ப்யூசர்வ் ஆகியவற்றில் உட்கார்ந்து ரசிகர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். யூஸ்நெட் என்பது இன்றைய ஃபேஸ்புக் குழுக்களுக்குத் தாத்தா மாதிரி. தலைப்பு வாரியாகக் குழுக்கள் இருக்கும். ஒருவர் எழுதினால் உலகம் முழுவதும் உள்ளவர்கள் படித்துப் பதில் போடலாம். படங்கள் இல்லை, வெறும் எழுத்துதான்.

ஸ்ட்ராசின்ஸ்கி ரசிகர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். என்னிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், திட்டுங்கள், ஆனால் கதை யோசனை மட்டும் சொல்லாதீர்கள். தலைக்கனம் என்று நினைக்க வேண்டாம். காரணம் சட்டம். ஒரு ரசிகர் எழுதிய யோசனையும் பிறகு வரும் கதையும் ஒத்துப்போனால், "என் கதையைத் திருடிவிட்டார்" என்று வழக்கு வரலாம்.

பயந்தது போலவே ஆயிற்று. பழைய நினைவுகள் அழிக்கப்பட்டு, இப்போது துறவியாக வாழும் ஒருவர், தான் முன்பு ஒரு கொலைகாரன் என்று கண்டுபிடிக்கிறார். இப்படி ஒரு கதை ஸ்ட்ராசின்ஸ்கியிடம் இருந்தது. அதைப் போன்ற யோசனையை ஒரு ரசிகர் ஆன்லைனில் எழுதிவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஆர்வக் கோளாறு. ஆனால் கதையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று. அந்த ரசிகர் உரிமை கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகே அது படமாகி, 1995 நவம்பரில் ஒளிபரப்பானது. தொடரின் நல்ல பகுதிகளில் ஒன்று என்று பலரும் சொல்வது இதைத்தான்.

ரசிகருக்குத் தெரியாத காரணம்

பாபிலோன் 5இல் நடந்த இன்னொரு விஷயம்தான் என் முடிவுக்கு முக்கியக் காரணம். முதல் ஆண்டில் கதாநாயகன் கமாண்டர் சின்க்ளேர். நடித்தவர் மைக்கேல் ஓ'ஹேர். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அவரைக் காணோம். ப்ரூஸ் பாக்ஸ்லைட்னர் வேறொரு கேப்டனாக வந்து நின்றார்.

ஆன்லைனில் ஆளுக்கொரு காரணம் கிளம்பியது. டி.வி. கம்பெனி வேலையைவிட்டுத் தூக்கிவிட்டது, எழுத்தாளருக்கும் நடிகருக்கும் ஆகவில்லை, நடிப்பு பிடிக்கவில்லை, இப்படி. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டு பிரிந்தோம் என்பதற்கு மேல் ஸ்ட்ராசின்ஸ்கி எதுவும் சொல்லவில்லை. கிட்டத்தட்ட 20 வருடங்கள் இந்த வதந்திகளை அப்படியே ஓடவிட்டார்.

ஓ'ஹேர் 2012 செப்டம்பரில் காலமானார். 2013இல்தான் ஸ்ட்ராசின்ஸ்கி ரசிகர் கூட்டம் ஒன்றில் உண்மையைச் சொன்னார். முதல் ஆண்டுப் படப்பிடிப்பின்போதே ஓ'ஹேர் கடுமையான மனநோயால் அவதிப்பட்டிருக்கிறார். சிகிச்சைக்காகப் படப்பிடிப்பை நிறுத்திவைக்கிறேன் என்று ஸ்ட்ராசின்ஸ்கி சொல்ல, மற்றவர்களின் வேலை போய்விடும் என்று ஓ'ஹேர் மறுத்து, அந்த ஆண்டை முடித்துக் கொடுத்திருக்கிறார். விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று ஸ்ட்ராசின்ஸ்கி வாக்குக் கொடுத்திருந்தார். உங்கள் சாவு வரை வேண்டாம், என் சாவு வரை காப்பாற்றுங்கள், அதன்பிறகு சொன்னால் இதே நோயில் இருப்பவர்களுக்கு உதவும் என்பது ஓ'ஹேரின் விருப்பம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1994இல் "சின்க்ளேர் தொடர வேண்டுமா?" என்று ஓட்டெடுப்பு வைத்திருந்தால்? பழகிய முகத்துக்குத்தான் ஓட்டு விழுந்திருக்கும். ரசிகர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியாது, தெரியவும் கூடாது.

ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டவர். 110 பகுதிகளில் 92ஐ அவரே எழுதினார். எந்த நடிகர் எப்போது விலகினாலும் கதை நிற்காதபடி ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வெளியேறும் வழியை வைத்திருந்தார். புரோகிராமர்கள் பாஷையில் சொன்னால் எர்ரர் ஹேண்ட்லிங்! மூன்றாம் ஆண்டில் ஓ'ஹேர் திரும்பி வந்து நடித்த இரண்டு பகுதிகளில் சின்க்ளேரின் கதை அழகாக முடிந்தது. கடைசிக் காட்சி எது என்று தெரிந்த ஒருவர் இருந்ததால்தான் இது முடிந்தது.

72 ஓட்டு வித்தியாசம்

நிஜமாகவே ஓட்டுக்கு விட்ட கதையும் உண்டு. விண்வெளிக் கதை இல்லை, பேட்மேன் காமிக்ஸ். 1988இல் டி.சி. நிறுவனம் இரண்டு போன் நம்பர்களை அச்சிட்டது. ஒன்றுக்குப் போன் செய்தால் ராபின் பிழைப்பான், இன்னொன்றுக்குச் செய்தால் சாவான். ஒரு காலுக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. ராபினாக இருந்த ஜேசன் டாட் கதை முடிந்தது.

ஒருவர் தன் கம்ப்யூட்டரை வைத்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'சாகட்டும்' நம்பருக்கே டயல் செய்யவைத்தார் என்று கேள்விப்பட்டதாக எடிட்டர் டென்னிஸ் ஓ'நீல் பின்னாளில் சொன்னார். உண்மையோ இல்லையோ, நடந்திருக்க முடியாது என்று எந்தப் புரோகிராமரும் சொல்லமாட்டார். இன்று அதற்கு மோடம்கூட வேண்டாம். ஆன்லைன் ஓட்டெடுப்பில் ஒரே ஆள் ஆயிரம் பேராக வர முடியும் என்பதைப் புதிதாக இன்டர்நெட்டுக்கு வந்தவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் பேர் நிஜமாகவே வந்தாலும், அவர்கள்தான் எல்லா ரசிகர்களும் என்று அர்த்தம் இல்லை. 2017இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரானை, ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலர் இனத்தையும் தோற்றத்தையும் சொல்லி ஆன்லைனில் வசை பாடினார்கள். 2018இல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை அழித்துவிட்டார். 2019இல் வந்த அடுத்த படத்தில் ரோஸுக்கு மிகக் குறைந்த நேரமே கிடைத்தது. படக்குழு வேறு காரணம் சொன்னது. ஆனால் கத்தியவர்கள் தங்களுக்குக் கிடைத்த வெற்றியாகத்தான் அதை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கப் கேக் போராட்டம்

அப்படியானால் ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? இல்லை. 2012 மார்ச்சில் வெளியான மாஸ் எஃபெக்ட் 3 கேமைப் பாருங்கள். மூன்று கேம்களாக, ஆடுபவர் எடுக்கும் முடிவுகள் கதையை மாற்றும் என்று சொல்லி வளர்த்த தொடர் இது. ஆனால் கிளைமாக்ஸில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான், வெளிச்சத்தின் நிறம் மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறியது.

ரசிகர்கள் கொதித்தார்கள். சிலர் குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். கனடாவில் உள்ள பயோவேர் அலுவலகத்துக்குச் சுமார் 400 கப் கேக்குகளை அனுப்பினார்கள். மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம். கடித்தால் எல்லாம் ஒரே சுவை! இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் பயோவேர் ஒரு இலவசக் கூடுதல் பகுதியை வெளியிட்டது. முடிவைத் தூக்கி எறியவில்லை. விடுபட்ட காட்சிகளைச் சேர்த்தார்கள், யார் என்ன ஆனார்கள் என்று விளக்கினார்கள், எல்லாவற்றையும் மறுக்கும் ஒரு வழியையும் தந்தார்கள். திருப்தி அடையாதவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் சரியான அளவு இதுதான். சாஃப்ட்வேர் பயன்படுத்துபவர் "இந்தப் பட்டனை அழுத்தினால் தகவல் காணாமல் போகிறது" என்று சொன்னால், அது பொன்னான தகவல். அதை எப்படிச் சரி செய்வது என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்காது. எங்கள் அலுவலகத்தில் தினமும் பார்ப்பதுதான். ஓட்டை எங்கே என்று ரசிகருக்கு நன்றாகத் தெரியும்.

கதவு திறந்திருந்தது

கதையை நானே எழுதுவேன் என்கிறவருக்கும் ஒரு நல்ல வழி இருந்தது. ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் எழுத்துப் பிரிவுக்கு 1989இல் மைக்கேல் பில்லர் தலைவராக வந்தார். யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பாபிலோன் 5இல் வந்த சட்டச் சிக்கலுக்கு இங்கே ஒரு தாளில் தீர்வு.

அப்படி உள்ளே வந்தவர்களில் ஒருவர் ரொனால்ட் டி. மூர் என்ற ரசிகர். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனபோது கையில் ஸ்கிரிப்டோடு போனவர். அது 1989 அக்டோபரில் ஒளிபரப்பானது. அவரும் எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் பேட்டில்ஸ்டார் கேலக்டிகா தொடரைப் புதிதாக உருவாக்கியவர் இவரே.

லினக்ஸ் வளர்ந்த முறையும் இதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த அந்த கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் படித்துப் பார்த்து ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார். "இந்த வசதி வேண்டும்" என்று பத்தாயிரம் பேர் கை தூக்கினாலும், யாராவது உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

ஸ்டார் ட்ரெக் கதவு இன்று அப்படித் திறந்து கிடக்கவில்லை. ஆனால் சொந்தமாகக் குறும்படம் எடுக்க 2016இல் வந்த விதிமுறைகள் இடம் தருகின்றன. ஒரு படம் 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பகுதிகளானால் மொத்தம் 30 நிமிடம். லாபம் பார்க்கக்கூடாது. நன்கொடை 50,000 டாலரைத் தாண்டக்கூடாது. நடிப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும். அன்று அமிகாவும் டோஸ்டரும் வாங்கிச் செய்த விண்கலக் காட்சிகளை இன்று ப்ளெண்டர் என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்யலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். 8 ஜி.பி. ராம் இருந்தால் ஆரம்பிக்கலாம், 16 இருந்தால் நிம்மதி. முதல் விண்கலத்துக்கு ஒரு மாத விடுமுறை நாட்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.