பங்குனியில் புறப்படும் பறவைகள்

கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. பாலாற்றுத் தண்ணீர் வந்து சேரும் ஏரி அது. சுரங்கம் நடந்த காலத்தில் தங்கவயலுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போனது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தோடு சுரங்கம் மூடப்பட்டது. ஏரி இன்னும் இருக்கிறது.

கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் வெளியூர்ப் பறவைகள் வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வருகின்றன. மாசி, பங்குனியில் திரும்பிப் போகின்றன. இவற்றின் ஊர் எது? சிலவற்றுக்கு இமயமலை. சிலவற்றுக்கு ரஷ்யா. சிலவற்றுக்கு மங்கோலியா. அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்துவிடும். புழு, பூச்சி கிடைக்காது. அதனால் தெற்கே வருகின்றன. பிழைப்புக்காக ஊர் விட்டு வருவது தங்கவயல் மக்களுக்குத் தெரியாததல்ல. அவர்களின் தாத்தா, பாட்டிகள் பலர் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள்தான்.

பறவைகள் திரும்பிப் போகும் காலம் அவற்றைப் பார்க்க நல்ல காலம். அப்போது ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கும். கரையோரம் சேறு தெரியும். சேற்றில் புழுக்கள் இருக்கும். பறவைகள் அங்கே கூட்டமாக இரை தேடும். சில பறவைகள் நிறமும் மாறும். மஞ்சள் வாலாட்டிக் குருவி ஐப்பசியில் மங்கலாக இருக்கும். பங்குனியில் அதன் வயிறு மஞ்சள் பூசியது போலப் பளிச்சென்று ஆகிவிடும்.

பறவை பார்க்கப் போகிறவர்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறார்கள். வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். பறவைகளை நன்றாக அறிந்த ஒருவர் முன்னால் நடப்பார். மற்றவர்கள் பேசாமல் பின்னால் போவார்கள். பளபளக்கும் உடை கூடாது. பெங்களூரில் லால்பாக் தோட்டத்தில் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இப்படி நடப்பது பல ஆண்டு வழக்கம்.

பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் பறவையின் அளவைப் பார்க்க வேண்டும். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? பிறகு அலகு, கால், வால். பிறகு அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நடக்கும்போது வாலை மேலும் கீழும் ஆட்டினால் அது வாலாட்டிக் குருவியாக இருக்கலாம். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறதா? வால் இரண்டாகப் பிளந்திருக்கிறதா? அது தகைவிலான் குருவி. அதன் எடை சுமார் 20 கிராம்தான். அந்த உடம்போடு அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது.

ஊசிவால் வாத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. பெயரே சொல்லிவிடும்.

சோளக்குருவியை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். மைனா போல இருக்கும். உடல் இளஞ்சிவப்பு. தலையும் இறக்கையும் கறுப்பு. பெரும் கூட்டமாக வந்து சோளத்தைத் தின்னும். அதனால் திட்டு வாங்கும். ஆனால் அது வெட்டுக்கிளியையும் தின்னும். சீனாவில் வெட்டுக்கிளியை ஒழிக்க, இந்தக் குருவிகள் கூடு கட்டுவதற்கென்றே மனிதர்கள் இடம் அமைத்துக் கொடுக்கிறார்கள். ஆடி, ஆவணியிலேயே இங்கு வரத் தொடங்கும் இக்குருவி சித்திரை வரை தங்கும். கணக்குப் பார்த்தால் தன் ஊரில் இருப்பதைவிட நம் நாட்டில்தான் அதிக நாள் இருக்கிறது.

கர்நாடகத்தில் கதக் மாவட்டத்து மாகடி ஏரிக்குப் பட்டைத்தலை வாத்து வருகிறது. இமயமலையைத் தாண்டி வரும் வாத்து அது. 7,000 மீட்டருக்கும் மேல் பறந்திருப்பதைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். தங்கவயலில் சாம்பியன் சுரங்கத்தின் ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். அந்த ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான உயரம் அது!

புறப்படும் நாள் பறவைக்கு எப்படித் தெரிகிறது? பகல் பொழுது நீள்வதை அதன் உடல் உணர்கிறது. உடனே அது நிறையத் தின்கிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்கிறது. அதுதான் வழிச்சோறு. சில சிறு பறவைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை கூடிவிடும். சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்த்துத் திசை அறியும். பூமியின் காந்த சக்தியையும் உணரும். இந்த நாட்களில் பறவையைக் கல்லெறிந்து விரட்டினால் சேர்த்த கொழுப்பு வீணாகும். பயணத்தின் பாதியில் அது விழுந்து சாகலாம். அதனால்தான் பறவை பார்ப்பவர்கள் நெருங்கிப் போவதில்லை.

பறவையின் வழியை அறிய அதன் காலில் எண் எழுதிய சிறு வளையம் மாட்டுவார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883-இல் தொடங்கியது. பறவை அறிஞர் சலீம் அலி அதன் மூலம் 1959 முதல் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் மாட்டச் செய்தார். செத்த பறவையின் காலில் வளையம் இருந்தால் அந்த எண், தேதி, ஊர்ப்பெயர் மூன்றையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பலாம். அப்படி வந்த கடிதங்களால்தான் பல பறவைகளின் ஊர் தெரிந்தது.

இப்போது பார்த்த பறவைகளின் கணக்கைச் செல்பேசியிலும் பதிகிறார்கள். இந்தியாவெங்கும் சுமார் 30,000 பேர் தந்த கணக்கைக் கொண்டு 2023-இல் ஓர் அறிக்கை வந்தது. வலசை வரும் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் மிகவும் குறைந்துவிட்டன என்று அது சொன்னது. ஏரிகள் தூர்ந்து போவதும் சாக்கடை கலப்பதும் அதற்கான காரணங்களில் அடங்கும். வலையும் விஷமும் வைப்பவர்கள் வேறு. வலசைப் பறவையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

தங்கவயலுக்கு இன்னொரு கவலையும் உண்டு. தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண் கோடிக்கணக்கான டன் மேடாகக் கிடக்கிறது. காற்றில் பறக்கிறது. மழையில் கரைந்து தாழ்ந்த நிலங்களுக்கு இறங்குகிறது. இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரி என்னும் சிறு குருவியைக் கூண்டில் கொண்டு போவார்கள். விஷக்காற்று வந்தால் குருவி முதலில் மயங்கும். தொழிலாளிகள் தப்பித்து வெளியேறுவார்கள். 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. ஏரிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுப்பதும் இது போன்றதே. தண்ணீர் இருந்தும் பறவை வரவில்லை என்றால், தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

சித்திரை பாதிக்குள் பெரும்பாலான விருந்தாளிகள் போய்விடும். ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் இருக்கும். அவற்றில் பல உள்ளூர்க்காரர்கள்.