ரோர்சாக் மைத்தடச் சோதனையின் மருத்துவப் பயன்

ரோர்சாக் மைத்தடச் சோதனை என்பது, தெளிவான உருவம் இல்லாத மைத்தடங்களைக் காட்டி, அவை என்னவாகத் தோன்றுகின்றன என்று கேட்டு, ஒருவரின் ஆளுமையையும் சிந்தனைப் போக்கையும் மதிப்பிடும் உளவியல் சோதனை ஆகும். புறத்தேற்று நுண்முறைகளுள் இதுவே மிகவும் பெயர் பெற்றது. வினாப்பட்டியல்களை நிரப்புபவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும்படி விடைகளை மாற்ற முடியும். மைத்தடத்துக்கோ சரியான விடை என்று ஒன்று இல்லை. எனவே பார்ப்பவர் தம் மனத்தில் உள்ளதையே அதன்மேல் ஏற்றிச் சொல்வார் என்பது இச்சோதனைகளின் அடிப்படைக் கருத்து.

வரலாறு

சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் எர்மன் ரோர்சாக் 1921-இல் தம் நூலுடன் 10 அட்டைகளை வெளியிட்டார். அவற்றுள் 5 கறுப்பும் சாம்பலும் கொண்டவை. 2 அட்டைகளில் சிவப்பும் சேரும். மீதி 3 பல வண்ணத்தவை. மறு ஆண்டே அவர் தமது 37-ஆம் வயதில் இறந்தார். 'புறத்தேற்று' என்ற பெயரை லாரன்சு பிராங்கு பரப்பியது 1939-இல்தான். ரோர்சாக் தம் முறையைப் புலனுணர்வு பற்றிய ஓர் ஆய்வாகவே கருதினார். மனச்சிதைவு நோயாளிகள் மற்றவர்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டுப் பார்க்கிறார்கள் என்பதே அவர் முதன்மையாகத் தேடியது. பின்னாளில் இச்சோதனைக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும்.

மதிப்பிடும் முறை

'வௌவால் தெரிந்தால் இன்ன குணம்' என்பது போன்ற அகராதி எதுவும் கிடையாது. திரைப்படங்கள் பரப்பிய எண்ணம் அது. தடம் முழுவதையும் பார்த்தாரா, ஒரு பகுதியையா. சொன்ன உருவம் தடத்தின் வடிவத்தோடு பொருந்துகிறதா. நிறம், நிழல், அசைவு ஆகியவற்றுள் எது அவரை வழிநடத்தியது என்பவையே குறியீடுகளாகப் பதிவாகும்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஐந்து வெவ்வேறு மதிப்பீட்டு முறைகள் வழங்கின. ஒரே விடைக்கு ஐந்து வகைப் பொருள் கிடைத்தது. ஜான் எக்ஸ்னர் 1974-இல் இவற்றை ஒருங்கிணைத்தார்.

திறனாய்வு

மிகக் கூர்மையான எதிர்ப்பு, மதிப்பிடுபவரின் மனத்தைப் பற்றியது. 1967-இல் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் மனித உருவம் வரையும் சோதனையைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். படங்களுடன் நோய்க்குறிகளைத் தொடர்பில்லாமல் இணைத்து மாணவர்களிடம் கொடுத்தனர். சந்தேக மனம் கொண்டவர்கள் கண்களை வித்தியாசமாக வரைகிறார்கள் என்று, இல்லாத தொடர்பை மாணவர்கள் 'கண்டுபிடித்தார்கள்'. அனுபவமுள்ள உளவியலாளர்கள் சொல்லிவந்ததும் அதையே. அதாவது, புறத்தேற்றம் மேசையின் இரு பக்கமும் நடக்கிறது!

எக்ஸ்னரின் நியம அளவுகளும் கேள்விக்குள்ளாயின. அவற்றோடு ஒப்பிட்டால், நலமாக உள்ளவர்களில் பலரும் மனக்கோளாறு உடையவர்களாகத் தோன்றினர். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது போன்ற வழக்குகளில் இத்தகைய பிழை ஒரு குடும்பத்தையே பாதிக்கும். 2000-இல் லிலியன்ஃபெல்டு, உட், கார்ப் ஆகியோர் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு, பெரும்பாலான புறத்தேற்றுக் குறிகளுக்குப் போதிய ஏற்புடைமை இல்லை எனக் காட்டியது. குழந்தை பாலியல் கொடுமைக்கு உள்ளானதா என்பதை ஓவியங்களைக் கொண்டு முடிவு செய்வதையும் அது ஏற்கவில்லை.

இன்றைய பயன்பாடு

2013-இல் மிஹுராவும் பிறரும் முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து, 65 மாறிகளைத் தனித்தனியே சோதித்தனர். சிந்தனைக் குழப்பம், புலனுணர்வுத் திரிபு ஆகியவற்றைக் காட்டும் குறிகள் வலுவாக நின்றன. வேறு பல தேறவில்லை. இதன்பின் முன்னைய எதிர்ப்பாளர்களும் அந்த ஒரு பகுதியில் தம் நிலையைத் தளர்த்தினர். ரோர்சாக் முதலில் தேடியதும் ஏறக்குறைய அதைத்தான். ஆகவே உளப்பிணியின் அறிகுறிகளை ஆராயும்போது, நேர்காணலுக்கும் பிற சோதனைகளுக்கும் துணையாக இதைப் பயன்படுத்துவதில் நியாயம் உண்டு. மனச்சோர்வையோ பதற்றத்தையோ அறிய நேரடியாகக் கேட்பதே எளிது. அங்கு மைத்தடம் தேவையில்லை.

படங்களைக் காட்டிக் கதை சொல்லச் செய்யும் பொருளறிவோடு இணைத்தறி சோதனை (டி.ஏ.டி.) 1935-இல் ஆர்வர்டில் மரேயும் மார்கனும் உருவாக்கியது. உமா சௌத்ரி இதன் இந்தியத் தழுவலை அமைத்தார். இதில் எண்முறை மதிப்பீடு பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை. பேசத் தயங்கும் ஒருவரைப் பேசவைக்கும் வாயிலாக இது பயன்படலாம். அப்படிக் கிடைக்கும் கதையை நோயறிதலாக எழுதிவிடக்கூடாது.

மைத்தடங்களின் படங்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றுடன் 'வழக்கமான விடைகளும்' சேர்ந்தே பரவுவதால், முன்கூட்டிப் படித்துவிட்டு வருபவரின் விடைகளை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் இப்போது சேர்ந்துள்ளது.